வெற்றிலைக் கறை என்று வந்த கருமை: ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை பார்க்கிறார் அந்த 44 வயதுப் பெண்மணி. பல் சுத்தம் செய்ய எங்கள் கிளினிக்குக்கு வந்திருந்தார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோய் சம்பந்தப்பட்ட எதையும் மாற்றவில்லை.

அடுத்த மாதம் மகளுக்குப் பரிசம். "படம் எடுத்தா வாயெல்லாம் கருப்பாத் தெரியுது டாக்டர். வெத்தலைக் கறையைக் கொஞ்சம் எடுத்து விட்டுடுங்க" என்றார். கூட வந்த மகளும் தலையாட்டினார். "சாப்பாட்டுக்கு அப்புறம் வெத்தலை போடாம இருக்க மாட்டாங்க டாக்டர். சொல்லிச் சொல்லி எங்களுக்குத்தான் அலுத்துப் போச்சு."

வெற்றிலை போடும் வாய்களைத் தினமும் பார்க்கிறவன் நான். அந்தக் கறை பல்லின் கழுத்தில் செம்பழுப்பாகப் படியும். பாக்கை ஒதுக்கி வைக்கிற கன்னத்தின் உட்புறத்தில் தோல் லேசாக உரிந்து, அதில் பழுப்புத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். துடைத்தால் வந்துவிடும். இவருக்கும் அது இருந்தது, அவர் வழக்கமாக ஒதுக்கும் இடப்பக்கத்தில். காஸ் துணியை நனைத்து அழுத்தித் துடைத்தேன். துணியில் பழுப்பு வந்தது. ஆனால் துடைத்த இடத்தில் அடியிலிருந்து வேறொரு நிறம் தெரிந்தது: சாம்பல் கலந்த கரும்பழுப்பு, திட்டுத் திட்டாக, பற்கள் கடிக்கும் கோட்டை ஒட்டியே நீண்டு போனது. எவ்வளவு தேய்த்தும் அது அசையவில்லை. வெற்றிலையே படாத வலக் கன்னத்திலும் அதே திட்டுகள். நாக்கின் இரு ஓரங்களிலும், மேலண்ணத்திலும், கீழுதட்டின் உட்புறத்திலும் இருந்தன. எதுவும் தடித்திருக்கவில்லை, புண்ணாகவில்லை, வலிக்கவும் இல்லை.

ஈறும் கருப்புதான். ஆனால் அதைத் தனியாக வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

நம்மவர்களில் பலருக்கு ஈறு கருப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கும். அது நோய் இல்லை. நிறமி செய்யும் மெலனோசைட் செல்கள் எல்லா இனத்தவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கின்றன. நமக்கு அவை கூடுதலாக வேலை செய்கின்றன, அவ்வளவுதான். இந்த இயற்கைக் கருமை பெரும்பாலும் பல்லை ஒட்டிய ஈற்றில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, சிறு வயதிலிருந்தே இருக்கும். அதனால் ஈற்றின் கட்டமைப்பு மாறாது, வருடக்கணக்கில் ஒரே மாதிரி இருக்கும். கண்ணாடியைக் கையில் கொடுத்து, "அக்கா, இந்த ஈறு எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டேன். "எங்கம்மாவுக்கும் இப்படித்தான் டாக்டர்" என்றார். கன்னத்தைப் புரட்டிக் காட்டியதும் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இது முன்ன இல்ல. இதைப் பார்த்ததே இல்ல."

தோல் கறுத்தவர்களின் வாயில் கருமையைப் பார்த்ததும் 'இது இயற்கை' என்று சொல்லிவிடுவது சுலபம். பத்துக்கு ஒன்பது முறை அது சரியாகவும் இருக்கும். அதனாலேயே மிச்சமிருக்கும் ஒன்று நம் கையிலிருந்து நழுவிப் போகிறது. திட்டு எவ்வளவு கருப்பு என்பதை விட, எப்போது வந்தது, எங்கே வந்தது, உடம்பில் கூடவே வேறென்ன மாறியது என்பதில்தான் நோயறிதல் இருக்கிறது.

வாய்க்குள் கருமை வர எத்தனையோ வழி

கறையா, அடியிலிருந்து வந்த நிறமா என்பதைத் துணியே சொல்லிவிட்டது. கறைக்கு வெற்றிலை மட்டும்தான் காரணம் என்பதும் இல்லை. குளோர்ஹெக்சிடின் வாய் கொப்புளிக்கும் மருந்து, இரும்புச்சத்து டானிக், காபி, தேநீர் எல்லாமே பல்லையும் நாக்கையும் கறுக்க வைக்கும்.

அடுத்த கேள்வி: இரத்தமா, மெலனின் நிறமியா? கண்ணாடித் தகட்டால் திட்டை அழுத்திப் பார்த்தேன். இரத்தக் குழாய்க் கட்டியாகவோ, வயதானவர்களின் நாக்கடியில் நீலமாகப் புடைக்கும் சிரையாகவோ இருந்தால் அழுத்தும்போது பெரும்பாலும் வெளிறும். இவருக்கு வெளிறவில்லை.

ஒரே இடத்தில் ஒரு திட்டு என்றால் யோசிக்கிற விதமே வேறு. பழைய வெள்ளி நிற அமல்கம் அடைப்பு இருக்கும் பல்லுக்குப் பக்கத்து ஈற்றில் நீலச் சாம்பலாக ஒரு புள்ளி இருந்தால், அடைக்கும்போது சதைக்குள் போன உலோகத் துகளாக இருக்கும்; எக்ஸ்ரேயில் சில சமயம் வெண்புள்ளியாகத் தெரியும். உதட்டிலோ ஈற்றிலோ தட்டையான சிறு பழுப்புப் புள்ளி என்றால் பெரும்பாலும் தீங்கில்லாத மெலனின் புள்ளிதான். ஆனால் மேலண்ணத்திலும் மேல் ஈற்றிலும் புதிதாக வரும் ஒற்றைத் திட்டை நான் விட்டுவைப்பதில்லை. வாயில் மெலனோமா புற்றுநோய் அரிது, ஆனால் வந்தால் அதிகம் பிடிக்கும் இடங்கள் இவை இரண்டும்தான். வலிக்காது என்பதால் ஆள் தாமதமாகத்தான் வருவார். எல்லை கோணலாக இருந்தாலோ, ஒரே திட்டில் பல நிறம் இருந்தாலோ, பெரிதானாலோ, தடித்தாலோ, இரத்தம் கசிந்தாலோ அன்றைக்கே சதைத் துணுக்குப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

இவருடையது அப்படி இல்லை. பல இடத்தில், இரு பக்கமும். அப்படியானால் வெளியிலிருந்து ஏதாவது தூண்டுகிறதா, அல்லது உள்ளேயிருந்தே வருகிறதா என்று பார்க்க வேண்டும். சிகரெட்டோ சுருட்டோ பிடிப்பவர்களுக்குக் கீழ் முன்பற்களின் ஈறு கறுக்கும். விட்ட பிறகு மாதக்கணக்கில், சிலருக்கு இரண்டு மூன்று வருடத்தில், மெல்ல வெளுக்கும். இவர் புகைப்பதில்லை. மருந்துகளில் மினோசைக்ளின், மலேரியாவுக்கும் மூட்டுவாத நோய்களுக்கும் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், புற்றுநோய்க்குத் தரும் இமாட்டினிப் ஆகியவை அண்ணத்தையும் ஈற்றையும் கறுக்க வைக்கும். அவர் எதுவும் சாப்பிடவில்லை. லைக்கன் பிளானஸ் என்ற அழற்சி நோய் ஆறிய இடத்தில் கருமை தங்கும். அதற்குரிய வெள்ளைப் பின்னல் கோடுகள் எங்குமே இல்லை. பி12 குறைந்தாலும் விரல் முட்டியும் நாக்கும் கறுக்கும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களிடம் இதைக் கட்டாயம் நினைக்க வேண்டும், ஊசி போட்டால் மாறிவிடும். இவர் மீன், கருவாடு எல்லாம் சாப்பிடுபவர். சிறு வயதிலேயே உதட்டைச் சுற்றி மிளகு தூவியதுபோல் புள்ளிகள் வந்து குடலில் சதை வளரும் பரம்பரை நோய் ஒன்று உண்டு, 44 வயதில் திடீரென்று அது தொடங்காது.

பாக்கு போடுபவர் என்பதால் இன்னொன்றையும் பார்த்தேன். வாய் மூன்று விரல் அகலம் தாராளமாகத் திறந்தது. கன்னத்துச் சதை இறுகவில்லை. வெள்ளைப் படலமோ செந்திட்டோ இல்லை. இதைச் சொல்லாமல் விட முடியாது. புகையிலையோடு போடும் வெற்றிலைப் பாக்கை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985-லேயே புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்தியது. புகையிலை இல்லாமல் வெறும் பாக்கே அதைச் செய்யும் என்று 2000-களில் உறுதிப்படுத்தியது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் நம் இந்தியர்களிடம்தான் கூடுதலாகத் தெரிகிறது. இந்தக் கருமைக்குப் பாக்கு காரணமில்லை என்று ஆனதால், பாக்கால் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது.

நாற்காலியை விட்டு எழுந்தபோது

சுத்தம் செய்வதைத் தொடங்கவில்லை. பேச ஆரம்பித்தேன்.

எட்டு மாதமாகவே உடம்பு சரியில்லை. 58 கிலோ இருந்தவர் 49-க்கு வந்துவிட்டார். காலையில் குமட்டல், சில நாள் வாந்தி. முன்பெல்லாம் மதியம் வரை குனிந்து பழம் பொறுக்கியவர், இப்போது பத்து மணிக்கே நிழலில் உட்கார்ந்துவிடுகிறார். மருத்துவ விடுப்பு (எம்சி) எடுத்து எடுத்துச் சம்பளமும் குறைந்தது. மூன்று இடத்தில் காட்டியிருக்கிறார். ஒரு இடத்தில் காஸ்ட்ரிக் மருந்து, ஒரு இடத்தில் இரத்தச் சோகைக்கு மாத்திரை, இன்னொரு இடத்தில் மாதவிடாய் நிற்கிற வயது என்று ஆறுதல். ஒவ்வொருவரும் ஒவ்வொரு குறையைப் பார்த்தார்கள்; எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே ஆளிடம் சொல்ல அவருக்கு வாய்ப்பு அமையவில்லை. கறுத்துப் போனதை யாரிடமும் சொல்லவே இல்லை. "வெயில்ல வேலை செய்யறேன், கறுக்காம என்ன செய்யும்?"

மகளின் கைத்தொலைபேசியில் பழைய படம் இருந்தது. முந்தைய வருடம் ஈப்போ கல்லுமலை தைப்பூசத்தில் எடுத்தது. அப்போதும் இதே வெயில், இதே வேலைதான். படத்தில் இருந்த முகத்தையும் எதிரே இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபோது, மகளே பேச்சை நிறுத்திவிட்டார்.

கைகளை விரிக்கச் சொன்னேன். உள்ளங்கை ரேகைகள் பேனாவால் கோடு போட்டதுபோலக் கருத்திருந்தன. வெயில் உள்ளங்கை ரேகைக்குள் போய்க் கறுக்க வைக்காது. இடது கையில் இரண்டு தழும்புகள். ஒன்று இருபது வயதில், பால்மரம் வெட்டிய காலத்தில் கத்தி பட்டது. வெளிறிய கோடாக இருந்தது. இன்னொன்று ஐந்தாறு மாதத்துக்கு முன் செம்பனை முள் கிழித்தது. கரி பூசியதுபோல் இருந்தது. ஒரே கை, ஒரே தோல், ஒரே வெயில். நோய் தொடங்கிய பிறகு ஆறிய காயத்தில்தான் நிறமி ஏறும். எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு அந்த இரண்டு தழும்புகளே பதில் சொல்லிவிட்டன.

மகள் இன்னொன்றும் சொன்னார். அம்மாவின் கைப்பையில் எப்போதும் ஓர் அசாம் பொய் (உப்பில் ஊறிய உலர்பழம்) டப்பா. கஞ்சியில் உப்பு அள்ளிப் போடுகிறார், ஊறுகாய்ச் சாற்றைக் கரண்டியால் குடிக்கிறார். வீட்டில் எல்லாரும் அதை வாய் ருசி என்று நினைத்திருந்தார்கள்.

படுக்க வைத்து இரத்த அழுத்தம் பார்த்தேன்: 98/62. எழுந்து நிற்க வைத்து மூன்று நிமிடத்தில் பார்த்தேன்: 76/48. கண் இருட்டுகிறது என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

புதிதாக வந்த வாய்க் கருமை, எடைக் குறைவு, உப்பு ஆசை, நின்றால் சரியும் அழுத்தம். இவை நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருந்தால், சிறுநீரகங்களின் மேல் இருந்து ஹார்மோன் சுரக்கும் அட்ரீனல் சுரப்பியைச் சந்தேகிக்காமல் இருக்க முடியாது. மூட்டு வலிக்கு ஜாமு என்ற மூலிகை மருந்து, கடையில் விற்கும் மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா என்றும் கேட்டேன். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டைக் கலந்து விற்கிறார்கள். நெடுநாள் சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தினாலும் அட்ரீனல் படுத்துவிடும். ஆனால் அந்த வகையில் கருமை வராது, ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். அவர் எதுவும் சாப்பிட்டதில்லை.

அன்றே கடிதம் எழுதி ஈப்போவுக்கு அனுப்பினேன். பரிசோதனைக்குத் தேதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும் நிலையில் அவர் இல்லை. அந்த அழுத்தத்தில் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் உயிருக்கே ஆபத்து. சதைத் துணுக்கு எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அடி அடுக்கில் மெலனின் கூடியிருக்கிறது என்று மட்டும் அறிக்கை வந்திருக்கும். இயற்கைக் கருமைக்கும் அதே அறிக்கைதான் வரும்.

ஆஸ்பத்திரியில் தெரிந்தது

இரத்தத்தில் சோடியம் 124 மில்லிமோல், பொட்டாசியம் 5.8. ஒன்று குறைவு, ஒன்று அதிகம். சர்க்கரை கீழ் எல்லையில். காலை எட்டு மணிக்கு உச்சத்தில் இருக்க வேண்டிய, அட்ரீனல் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோன் 61 நானோமோல்தான் இருந்தது. அதைச் சுரக்கச் சொல்லி மூளையடிப் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஏசிடிஎச் ஹார்மோன் பல மடங்கு ஏறியிருந்தது. செயற்கை ஏசிடிஎச் 250 மைக்ரோகிராம் ஊசி போட்டு, அரை மணியிலும் ஒரு மணியிலும் மறுபடி பார்த்தார்கள். நல்ல அட்ரீனலாக இருந்தால் கார்ட்டிசால் 500 அளவைத் தொட்டிருக்கும். இவருக்கு 70-ஐக்கூடத் தாண்டவில்லை. அடிசன் நோய்.

லண்டன் கைஸ் ஆஸ்பத்திரி மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-இல் இந்த நோயை எழுதி வைத்தபோதே, களைப்போடும் வயிற்றுக் கோளாறோடும் தோல் கறுப்பதைக் குறித்திருந்தார். வெள்ளைத் தோலில் அது பளிச்சென்று தெரியும். நம் தோலில் தேடித்தான் பார்க்க வேண்டும். தேடுவதற்கு நல்ல இடம் வாய்தான், அங்கே வெயில் படுவதில்லை.

கருமை வரும் விதம் இதுதான். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் இரண்டு அட்ரீனல் சுரப்பிகளின் வெளி அடுக்கு, ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அழிந்த பிறகுதான் அறிகுறிகள் தெளிவாகத் தெரியும். கார்ட்டிசால் குறைந்ததும் பிட்யூட்டரி விடாமல் ஏசிடிஎச்சை அனுப்பும். ஏசிடிஎச்சும் நிறமியைத் தூண்டும் ஹார்மோனும் ஒரே தாய்ப் புரதத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுபவை. ஏசிடிஎச் மிதமிஞ்சிப் போனால் அதுவே மெலனோசைட்டின் கதவையும் தட்டும், மெலனின் பெருகும். உரசல் படும் இடங்களில் முதலில் ஏறும். அதனால்தான் பல் கடிக்கும் கோட்டில், நாக்கின் ஓரத்தில், விரல் முட்டியில், புதுத் தழும்பில் தெரிந்தது. ஸ்டீராய்டை நிறுத்தியதால் வரும் குறைபாட்டில் பிட்யூட்டரியே அடங்கிக் கிடக்கும். ஏசிடிஎச் குறைவு, கருமையும் இல்லை. உப்பைத் தக்கவைக்கும் ஆல்டோஸ்டிரோனும் அட்ரீனலில்தான் சுரக்கிறது. அது போனதால் சோடியம் சிறுநீரில் ஓடியது. அசாம் பொய் டப்பாவுக்கு அதுதான் காரணம்.

அட்ரீனல் ஏன் அழிந்தது என்பது மிச்சமிருந்தது. பணக்கார நாடுகளில் இன்று பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்பாற்றலே அதைத் தாக்குகிறது. காசநோய் இன்னும் இருக்கும் இடங்களில் காசநோயை மறக்கக் கூடாது. மலேசியாவில் வருடத்துக்கு 20,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அது வருகிறது. சிடி ஸ்கேனில் இரண்டு அட்ரீனலும் வீங்கி, உள்ளே சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிந்தன. நெஞ்சு எக்ஸ்ரேயில் வலது மேல் நுரையீரலில் பழைய வடு. லயத்து வீட்டில் ஒன்றாக இருந்த மாமனார் பல வருடத்துக்கு முன் காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவர். சளியில் கிருமி இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து அட்ரீனல் காசநோய் என்று முடிவு செய்தார்கள். நுரையீரலில் நுழைந்த கிருமி இரத்தம் வழியாக அட்ரீனலுக்குப் போய், வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து அழிப்பது தெரிந்த விஷயம்தான்.

மருந்தும் அதன் பிறகும்

முதலில் உப்பு நீர் ஏற்றி, கார்ட்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். இரண்டாம் நாள் அவரே எழுந்து உட்கார்ந்து பசியாறக் கேட்டிருக்கிறார். எட்டு மாதக் களைப்பு இரண்டு நாளில் விலகுவதை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் இந்த ஹார்மோனின் மதிப்பு புரியும்.

பிறகு மாத்திரை. ஹைட்ரோகார்ட்டிசோன் காலையில் அதிகமாக, மதியமும் மாலையும் குறைவாக. உப்பைப் பிடித்து வைக்கத் தினம் 0.1 மில்லிகிராம் ஃபுளுட்ரோகார்ட்டிசோன். காசநோய் மருந்தைத் தொடங்கும்போது ஒரு சிக்கல் உண்டு. அதிலுள்ள ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு ஹைட்ரோகார்ட்டிசோனை வேகமாகக் கரைத்துவிடும். வழக்கமான அளவு போதாது. தெரியாமல் ரிஃபாம்பிசினைக் கொடுத்தால் சாயாமல் நின்ற ஆள்கூடச் சாய்ந்துவிடுவார். அதனால் ஹைட்ரோகார்ட்டிசோனைக் கூட்டிக் கொடுத்த பிறகே அதை ஆரம்பித்தார்கள். தைராய்டு அளவும் சற்று மாறியிருந்தது. அதற்கு மாத்திரை கொடுக்கவில்லை, கார்ட்டிசால் சரியானதும் தானாகவே சரியாகிவிட்டது.

காசநோய் குணமானாலும் அழிந்த அட்ரீனல் பெரும்பாலும் திரும்பாது. மாத்திரை ஆயுளுக்கும் வேண்டும். குடும்பத்துக்கு இதைப் புரிய வைப்பதுதான் நீண்ட வேலையாக இருந்தது. உடம்பு தேறியதும் மாத்திரையை விட்டுவிடுவது நம் வழக்கம். ஸ்டீராய்டு என்ற பேரைக் கேட்டதும் பயப்படுவதும் வழக்கம். மகளை உட்கார வைத்து, இது வெளியிலிருந்து திணிக்கிற மருந்து இல்லை, அம்மா உடம்பு செய்ய வேண்டியதைச் செய்யாததால் அதே அளவுக்குக் கொடுப்பது என்று விளக்கினேன். காய்ச்சல் வந்தால் அந்த நாட்களில் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியெடுத்து மாத்திரை தங்காவிட்டால் 100 மில்லிகிராம் ஊசி போட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி போட மகள் கற்றுக்கொண்டார். அம்மாவின் பர்ஸில் நோயின் பெயரும் மருந்தும் எழுதிய அட்டை இருக்கிறது. பல் பிடுங்க எங்கே போனாலும் அதை முதலில் காட்டச் சொல்லியிருக்கிறோம்.

பரிசத்தைத் தள்ளி வைத்து நடத்தினார்கள். ஆறு மாதம் கழித்து வந்தபோது எடை 56 கிலோ, நின்றாலும் அழுத்தம் 110-க்குக் குறையவில்லை. உள்ளங்கை ரேகைகள் முதலில் வெளுத்திருந்தன. கன்னத்துத் திட்டுகளும் நாக்கின் ஓரமும் பாதிக்கு மேல் மங்கியிருந்தன. அண்ணத்தில் இன்னும் நிழலாகக் கொஞ்சம். ஈறு அப்படியே கருப்பாக இருந்தது, அதற்கு எதுவும் செய்யவில்லை. வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் காசநோய்ப் பரிசோதனை செய்ததில், இளைய மகனுக்கு மட்டும் உறங்கும் தொற்று இருந்தது. அவன் தடுப்பு மருந்து சாப்பிடுகிறான்.

அன்றைக்குத்தான் பல்லைச் சுத்தம் செய்தேன். வெற்றிலையோடு போட்ட புகையிலையை விட்டுவிட்டார், பாக்கை இன்னும் விடவில்லை, குறைத்திருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறேன். கன்னங்களில் வெள்ளைப் படலமோ செந்திட்டோ ஆறாத புண்ணோ வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.